கோல்ட்விங்: நம் ஊர்க்காரர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் கப்சாய், அதாவது சின்ன மோட்டார் சைக்கிள், இல்லாத வீடு குறைவு. மரம் சீவப் போனது, செம்பனைக் காட்டுக்குப் போனது, பிள்ளையைப் பள்ளியில் விட்டது எல்லாம் அதில்தான். அதனால் ஹோண்டா கோல்ட்விங் மாதிரி ஒரு பெரிய மோட்டார் சைக்கிள் பாசார் பக்கம் வந்து நின்றால், சுற்றிக் கூடுகிறவர்கள் வேடிக்கை பார்த்துவிட்டுப் போவதில்லை. மோட்டாரைக் கழற்றிப் பூட்டத் தெரிந்தவர்கள் கேட்கிற மாதிரிதான் கேட்கிறார்கள். நல்ல கேள்விகள். நின்றவாக்கில் அரைகுறையாகப் பதில் சொல்வதை விட ஒழுங்காக எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

நான் ஓட்டுவது டிசிடி, அதாவது இரட்டைக் கிளட்ச் வைத்துத் தானாகக் கியர் மாற்றும் முறை, உள்ள கோல்ட்விங் டூர். கீழே வரும் அளவுகள் 2018இல் அடியோடு மாற்றி வடிவமைத்த தலைமுறைக்கு உரியவை. பழைய மாடலைப் பற்றி என்றால் அங்கங்கே சொல்லிவிடுகிறேன்.

அண்ணே, இது எத்தனை சிசி? எவ்வளவு வேகம் போகும்?

1833 சிசி, ஆறு சிலிண்டர். மைவி காரிலேயே பெரிய என்ஜின் 1.5 லிட்டர்தான் என்று நினைத்துப் பார்த்தால் அளவு புரியும். 5500 சுற்றில் ஏறத்தாழ 125 குதிரைத்திறன், 4500 சுற்றில் 170 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை.

குதிரைத்திறனைக் கேட்டதும் இளைஞர்கள் சிலருக்கு ஏமாற்றமாக இருக்கிறது. ஆயிரம் சிசி பந்தய ரக மோட்டார்கள் 200ஐத் தொடுகின்றனவே என்பார்கள். உண்மைதான், ஆனால் அந்தச் சக்தி என்ஜின் அலறும் சுற்றில்தான் கிடைக்கும். கோல்ட்விங்கில் பார்க்க வேண்டியது முறுக்குவிசையை. இரண்டு பேர் ஏறி, மூன்று பெட்டியும் நிறைந்து, கோலகங்சாரிலிருந்து மெனோரா சுரங்கப்பாதை ஏற்றத்தில் லோரிகளைக் கடக்கும்போது கியரைக் குறைக்கும் அவசியமே வருவதில்லை. கைப்பிடியைச் சற்றுத் திருப்பினால் போதும்.

உச்ச வேகத்தை இங்கே எழுதப் போவதில்லை. நெடுஞ்சாலையில் சட்டம் 110. அந்த வேகத்தில் பொழுது முழுக்கப் போனாலும் உடம்பு களைக்காமல் இருக்கத்தான் இந்த வண்டியைச் செய்திருக்கிறார்கள்.

என்ஜின் ஏன் இப்படிப் படுத்துக் கிடக்கிறது?

இடப்பக்கம் மூன்று சிலிண்டர், வலப்பக்கம் மூன்று. எதிரெதிரே இருக்கும் பிஸ்டன்கள் ஒரே நேரத்தில் வெளியே போய், ஒரே நேரத்தில் உள்ளே திரும்புகின்றன. ஒன்று உண்டாக்கும் அதிர்வை மற்றது அடித்துவிடுகிறது. நின்ற இடத்தில் இயங்கும்போது என்ஜின் ஓடுகிறதா என்று சந்தேகம் வரும் அளவுக்கு அமைதி.

இரண்டாவது காரணம்தான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. படுத்த என்ஜினில் எடை எல்லாம் கீழே இருக்கும். இந்த மோட்டாரின் பெரிய பிரச்சினை அதன் எடை. இதில் உள்ள வசதிகளில் பாதிக்கு மேல் அந்த எடையைச் சமாளிக்கவே வந்தவை. இதை மனதில் வைத்துக்கொண்டு மற்றதைப் படித்தால் ஒவ்வொன்றும் ஏன் அப்படி இருக்கிறது என்று விளங்கும்.

எப்போதிலிருந்து வருகிறது இந்த மாடல்?

1974இல் ஜெர்மனியின் கொலோன் கண்காட்சியில் முதன்முதலில் காட்டினார்கள், 1975இல் விற்பனைக்கு வந்தது. அப்போது 999 சிசி, நான்கு சிலிண்டர்தான். ஆனால் 1972இலேயே 1470 சிசியில் ஆறு சிலிண்டர் வைத்து ஒரு சோதனை வண்டி செய்து பார்த்திருந்தார்கள். அந்த ஆறு சிலிண்டர் யோசனை 1988இல் ஜிஎல்1500 ஆகத்தான் கடைக்கு வந்தது. 2001இல் ஜிஎல்1800, 2018இல் இப்போதைய வடிவம். 1980 முதல் 2009 வரை அமெரிக்காவின் ஒஹாயோவில் கட்டினார்கள். இப்போது ஜப்பானின் குமாமோத்தோவில்.

எடை எவ்வளவு? கீழே விழுந்தால் தூக்க முடியுமா?

எந்த ரகம் என்பதைப் பொறுத்து 365 கிலோவிலிருந்து 390 கிலோ வரை. பின்பெட்டியும் ஏர்பேக்கும் உள்ள டிசிடி டூர்தான் ஆகக் கனமானது. நம் கப்சாய் நூறு கிலோவைச் சுற்றி இருக்கும். நான்கு கப்சாயை ஒன்றாகக் கட்டியது போல என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஓடும்போது இந்த எடை தெரியாது. நடை வேகத்தைத் தாண்டிவிட்டால் மிக இலகுவாகத் திரும்பும். ஓட்டிப் பார்க்காதவர்கள் இதை நம்ப மாட்டார்கள். சிக்கல் எல்லாம் நிற்கும் அந்தக் கடைசி விநாடியிலும், நின்ற இடத்தில் திருப்பும்போதும்தான். ஹேண்டிலை முழுதாக வளைத்தபடி முன் பிரேக்கைப் பிடித்தால் வண்டி ஒரு பக்கமாகச் சாயும். ஓர் அளவைத் தாண்டிவிட்டால் யாராலும் நிறுத்த முடியாது. அந்த நேரத்தில் காலை ஊன்றித் தாங்கப் பார்க்காதீர்கள், முழங்கால் போய்விடும். விட்டுவிட்டு விலகிக்கொள்ளுங்கள். என்ஜினின் இரு பக்கமும் பெட்டிகளின் கீழும் காப்புக் கம்பிகள் உண்டு, வண்டி முழுதாகத் தரையில் படுக்காது.

தூக்குவதற்கு முறை இருக்கிறது. முதலில் என்ஜினை நிறுத்துங்கள். வலப்பக்கம் விழுந்திருந்தால் பக்கத் தாங்கியை முன்கூட்டியே விரித்து வையுங்கள், இல்லையென்றால் தூக்கியதும் மறுபக்கம் போய் விழும். டிசிடியில் கியரில் போட்டு நிறுத்தி வைக்க முடியாது, அதனால் பார்க்கிங் பிரேக்கை இழுத்துவிடுங்கள். பிறகு வண்டிக்கு முதுகைக் காட்டிக் குந்தி, இருக்கையின் ஓரத்தில் பின்புறத்தை அழுத்தி, ஒரு கையால் ஹேண்டிலையும் மறு கையால் பின்கம்பியையும் பிடித்து, காலால் உந்திப் பின்னோக்கி அடி வைத்து நடக்க வேண்டும். முதுகை வளைத்துத் தூக்கவே கூடாது. பக்கத்தில் ஆள் இருந்தால் கூப்பிடுங்கள், நம் ஊரில் நான்கு பேர் ஓடி வர நேரமாகாது.

எனக்கு உயரம் பத்தாது. கால் எட்டுமா?

எட்டும். இருக்கை உயரம் 745 மில்லிமீட்டர்தான், பல கப்சாய்களின் இருக்கை இதைவிட உயரம். ஆனால் இருக்கை அகலமானது, தொடை விரிந்தே உட்கார வேண்டியிருக்கும். அதனால் எண்ணை மட்டும் பார்த்து முடிவு செய்யாமல், நீங்கள் வழக்கமாகப் போடும் சப்பாத்தோடு போய் உட்கார்ந்து, இரண்டு பாதமும் தட்டையாகப் படுகிறதா என்று பாருங்கள்.

பின்னால் போகும் கியர் இருக்கிறதாமே, மெய்யா?

மெய்தான். டிசிடி ரகத்தில் ஒரு பொத்தானை அழுத்தினால் நடை வேகத்துக்கு மாறிவிடும். முன்னுக்கும் பின்னுக்கும் மெதுவாகத் தானாக நகரும், நாம் சமநிலையை மட்டும் பார்த்துக்கொண்டால் போதும். நம் கடைத்தெருவில் சாலை ஓரம் கால்வாய்ப் பக்கம் சரிந்திருக்கும் அல்லவா, அங்கே முன்சக்கரத்தை இறக்கி நிறுத்திவிட்டால் 390 கிலோவைக் காலால் உந்திப் பின்னே எடுக்க முடியாது. அப்போது இந்தப் பொத்தானின் அருமை தெரியும்.

டிசிடி என்றால் ஸ்கூட்டர் மாதிரி ஆட்டோவா?

இல்லை. ஸ்கூட்டரில் கியருக்குப் பதிலாகப் பெல்ட் ஓடும். இதில் உண்மையான பல்சக்கரக் கியர்களே ஏழு இருக்கின்றன. கிளட்ச் இரண்டு. ஒன்று 1, 3, 5, 7ஆம் கியர்களைப் பார்த்துக்கொள்ளும், மற்றது 2, 4, 6ஐ. மூன்றில் ஓடும்போதே நான்கு தயாராக நிற்கும். ஒரு கிளட்ச் விட, அடுத்தது பிடிக்க, இடையில் வெட்டு விழாது. பின்னால் இருப்பவரின் தலை நம் தலைக்கவசத்தில் முட்டாமல் இருப்பதே இதன் பெரிய நன்மை. இந்த டிசிடி முறையை ஹோண்டா 2010இல் விஎஃப்ஆர்1200இல் முதலில் கொண்டுவந்தது, கோல்ட்விங்குக்கு 2018இல் வந்தது.

கியரைக் கூட்டவும் குறைக்கவும் கைக்கு அடக்கமாகப் பொத்தான்கள் உண்டு. மெனோராவிலிருந்து ஜெலாப்பாங் இறங்கும் சரிவில் அவற்றைப் பயன்படுத்துங்கள். கியரைக் குறைத்து என்ஜினாலேயே வேகத்தைப் பிடித்தால் பிரேக் சூடேறாது. லோரிக்காரர்கள் அங்கே செய்வதும் அதுதான்.

ஒரு பழக்கத்தை மட்டும் மாற்றிக்கொள்ள வேண்டும். மெதுவாகத் திரும்பும்போது கிளட்சை அரைகுறையாகப் பிடித்துச் சமாளிக்கும் வழி இதில் இல்லை, நெம்புகோலே கிடையாது. அதற்குப் பதிலாகப் பின் பிரேக்கை இலேசாக மிதித்தபடி திருப்ப வேண்டும். காலியான திடலில் ஒரு காலைப் பொழுது பழகினால் கைக்கு வந்துவிடும். கையால் கியர் போட்டே பழகியவர்களுக்கு ஆறு கியர் ரகமும் வந்திருக்கிறது.

முன்பக்கம் வழக்கமான ஃபோர்க் தெரியவில்லையே?

சாதாரண மோட்டாரில் இரண்டு குழாய்கள் ஒரே நேரத்தில் சக்கரத்தைத் திருப்பவும் வேண்டும், குழியைத் தாங்கவும் வேண்டும். பிரேக் பிடித்தால் மூக்கு தாழ்ந்து போவது அதனால்தான். 2018 முதல் கோல்ட்விங்கில் அந்த இரண்டு வேலையையும் பிரித்துவிட்டார்கள். கார்களில் இருக்கும் இரட்டை விஷ்போன் முறையைப் போல மேலும் கீழும் இரண்டு கைகள் சக்கரத்தைத் தாங்குகின்றன, திருப்புவதற்குத் தனிக் கம்பிகள். குழியில் சக்கரம் ஏறி இறங்குவதைக் கண்ணால் பார்க்கலாம், கைக்கு மட்டும் அடி வந்து சேராது.

இதில் இன்னொரு கெட்டிக்காரத்தனம் உண்டு. வழக்கமான ஃபோர்க் அமுங்கும்போது சக்கரம் என்ஜின் பக்கமாகப் பின்னே வரும், அதற்கு இடம் விட வேண்டும். இதில் சக்கரம் கிட்டத்தட்ட நேர் மேலே போய் வருகிறது. அதனால் என்ஜினையும் ஓட்டுபவரையும் முன்னே தள்ளி வைக்க முடிந்தது. பிஎம்டபிள்யூவின் கே1600இலும் இதே குடும்பத்தைச் சேர்ந்த அமைப்புதான்.

தோட்டத்து ரோட்டில் ஓடுமா?

நம் ஊரில் இதுதான் தலையாய கேள்வி. இதற்கு ஆமாம், இல்லை என்று ஒரே சொல்லில் பதில் சொல்வது நேர்மையாக இருக்காது.

தரைக்கும் வண்டியின் அடிக்கும் உள்ள இடைவெளி 130 மில்லிமீட்டர். சக்கர அச்சுகளுக்கு இடையே 1695 மில்லிமீட்டர். அடி தாழ்வு, நீளம் அதிகம் என்பதால் உயரமான வேகத்தடையிலும், தோட்டத்துச் சிறுபாலத்தின் முதுகிலும் நடு வயிறு தட்டும். நேராக ஏறாமல் கொஞ்சம் சாய்வாகவும் மெதுவாகவும் ஏற வேண்டும். காய்ந்த செம்மண் சாலை இறுகியிருந்தால் பிரச்சினையில்லை. மழை பெய்து சேறானால் போகாதீர்கள். பின் டயர் 200/55, ரிம் விட்டம் 16 அங்குலம். அகலமும் வழவழப்பும் கொண்ட தார்ச்சாலை டயர் அது. சேற்றில் அதற்குப் பிடிமானம் கிடையாது.

செம்பனை ஏற்றிப் போகும் லோரிகளையும் மறந்துவிட வேண்டாம். தோட்டத்துச் சந்திப்புகளில் உதிர்ந்த பழங்கள் சாலையில் கிடக்கும். டயர் ஏறி நசுங்கினால் எண்ணெய், அதன் மேல் தூறல் விழுந்தால் கப்சாய்க்காரரே வழுக்குவார். லாசா பக்கமோ லிந்தாங் பக்கமோ போகும்போது, லோரி வெளிவரும் வாயில்களில் நிமிர்ந்த நிலையில், பிரேக்கைத் தொடாமல் கடந்து போங்கள்.

என் கருத்தைக் கேட்டால், வீட்டு வாசலிலிருந்து தார்ச்சாலை வரை தினமும் மண் பாதையில் போக வேண்டியவர் இதை வாங்க வேண்டாம். ஈப்போவிலோ கோலாலம்பூரிலோ காட்சிக்கூடத்தின் தரையில் நின்று முடிவெடுக்கும்போது நெடுஞ்சாலை மட்டுமே கண்முன் வரும். உங்கள் பயணத்தின் முதல் கிலோமீட்டரும் கடைசி கிலோமீட்டரும் எப்படிப்பட்டவை என்பதையும் எண்ணிப் பாருங்கள்.

சங்கிலி எங்கே?

கிடையாது. என்ஜினின் சக்தி மூடிய தண்டு வழியாகப் பின் சக்கரத்துக்குப் போகிறது. 1975 முதல் வண்டியிலிருந்தே அப்படித்தான். சங்கிலிக்கு எண்ணெய் விடுவது, இறுக்குவது, மாற்றுவது எதுவும் இல்லை. பின்சக்கரப் பக்கம் இருக்கும் கியர் எண்ணெயைக் கையேட்டில் சொன்ன தவணையில் மாற்றினால் போதும்.

பெட்ரோல் குடிக்குமா? எந்தப் பெட்ரோல்?

ரோன்95 போதும். ரோன்97 ஊற்றினால் கூடுதல் பலன் கிடைக்கும் என்று எண்ணிப் பணத்தைச் செலவழிக்க வேண்டாம்.

தொட்டி 21.1 லிட்டர். லிட்டருக்குச் சுமார் 18 கிலோமீட்டர் என்பது ஹோண்டா தரும் கணக்கு. ஆக ஒரு தொட்டியில் 350 கிலோமீட்டரை நிம்மதியாகத் திட்டமிடலாம். ஜொகூர் பாருவுக்கு நடுவில் ஒரு முறை நிரப்பினால் போய்ச் சேரலாம். முந்தைய தலைமுறையில் தொட்டி 25 லிட்டராக இருந்தது, 2018இல் எடையைக் குறைப்பதற்காகச் சின்னதாக்கினார்கள். நெடுந்தூர வண்டிக்கு அந்த நான்கு லிட்டரை விட்டுக்கொடுத்தது எனக்கு இன்னும் வருத்தம்தான்.

கிரிக்கிலிருந்து ஜெலிக்குப் போகும் கிழக்கு மேற்கு நெடுஞ்சாலைக்கு மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். லெங்கோங் தாண்டி கிரிக் வந்ததும், தொட்டியில் பாதி இருந்தாலும் நிரப்பிக்கொண்டு ஏறுங்கள். அடுத்துள்ள நூறு கிலோமீட்டருக்கு மேற்பட்ட காட்டுப் பாதையில் பம்பை நம்பிப் போகக் கூடாது. அந்தி சாய்ந்த பிறகும் போகக் கூடாது. அது யானைகள் சாலையைக் கடக்கும் காடு. பகலிலேயே தெமெங்கோர் ஏரியைப் பார்த்துக்கொண்டு போவதுதான் அந்தச் சாலையின் சுகம்.

டோல்? பிளஸ் நெடுஞ்சாலையில் மோட்டார் சைக்கிளுக்கு இல்லை, பெரிய மோட்டாராக இருந்தாலும் அதே சலுகைதான்.

வீட்டுக்காரம்மா பின்னால் உட்கார ஒத்துக்கொள்வாரா?

மற்ற பெரிய மோட்டார்களில் பின்னால் உட்காருபவருக்குக் கிடைப்பது ஒரு தலையணை அளவு இடம். அதில் ஏறிப் பார்த்தவர்கள் அடுத்த முறை காரில் வருகிறேன் என்பார்கள். கோல்ட்விங் டூரில் பின்னிருக்கைதான் நல்ல இருக்கை என்று தயங்காமல் சொல்வேன். அகலமான மெத்தை, பின்னே முதுகுச் சாய்வு, காலை மடக்காமல் வைக்கும் பலகை. 2021இல் முதுகுச் சாய்வின் கோணத்தை இன்னும் சரித்து, மெத்தையையும் தடிப்பாக்கினார்கள். 2018 முதல் 2020 வரையிலான வண்டியைப் பார்க்கப் போகிறவர்கள் பின்னால் உட்காரப் போகிறவரையும் கூட்டிக்கொண்டு போய் உட்காரவைத்துப் பாருங்கள். அந்தச் சாய்வு நேராக நிற்பதால் சிலருக்கு ஒத்துவராது.

ஏறுவதற்கும் இறங்குவதற்கும் ஓர் ஒழுங்கு வைத்துக்கொள்ளுங்கள். பக்கத் தாங்கி விரிந்தே இருக்கட்டும், நீங்கள் இரு காலையும் ஊன்றி உட்கார்ந்து "ஏறலாம்" என்று சொன்ன பிறகுதான் அவர் ஏற வேண்டும். இடப்பக்கத்திலிருந்து, கால்பலகையை மிதித்து. அவர் திடீரென்று ஏறினால் அந்த எடை உங்களை எதிர்பாராத நேரத்தில் இழுக்கும். சேலையோடு ஏற வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். கோயிலுக்கு என்றால் சேலையைப் பெட்டியில் மடித்து வைத்துக்கொண்டு போய் அங்கே மாற்றிக்கொள்ளலாம்.

பின்சஸ்பென்ஷனை ஒரு பொத்தானால் நான்கு நிலைகளுக்கு மாற்றலாம். தனியாள், தனியாளும் சாமானும், இருவர், இருவரும் சாமானும். இருவர் ஏறியதும் இதை மாற்ற மறந்தால் பின்பக்கம் தாழ்ந்து, முன்விளக்கு எதிரே வருபவரின் கண்ணில் அடிக்கும்.

இந்த வண்டிக்கு ஆகும் பணம் ஒருவரின் பொழுதுபோக்குக்கு அதிகம். இருவரும் சேர்ந்து பங்குனி உத்திரத்துக்கு மாரான் மரத்தாண்டவரைப் பார்க்கவும், கிளந்தான் பக்கம் சுற்றி வரவும் என்றால் அந்தச் செலவுக்கு அர்த்தம் இருக்கிறது. தனியாகவே ஓட்டப் போகிறவருக்கு இதைவிட இலேசான, மலிவான வண்டிகள் போதும்.

சாமான் எவ்வளவு கொள்ளும்?

2021 முதல் டூர் ரகத்தில் மொத்தம் 121 லிட்டர். மேல்பெட்டி 61, பக்கப்பெட்டிகள் தலா 30. மேல்பெட்டியில் முழுமுகத் தலைக்கவசம் இரண்டு உள்ளே போகும். அதற்கு முன் மேல்பெட்டி 50 லிட்டர்தான். பக்கப்பெட்டிகள் வண்டியோடு சேர்ந்தவை, கழற்றித் தூக்கிக்கொண்டு விடுதி அறைக்குப் போக முடியாது. உள்ளே வைக்கும் துணிப்பை வாங்கிக்கொள்ளுங்கள்.

பாட்டு, போன், வழிகாட்டி?

நடுவில் 7 அங்குலத் திரை. ஐபோனை வண்டியின் திரையில் காட்டும் ஆப்பிள் கார்பிளே வந்த முதல் மோட்டார் சைக்கிள் இதுதான், 2018இல். ஆண்ட்ராய்டு ஆட்டோ 2020இல் சேர்ந்தது. ஐம்பதாம் ஆண்டான 2025இன் வண்டிகளில் இரண்டும் கம்பியில்லாமல் இணையும். தலைக்கவசத்தில் ஹெட்செட் இணைத்துக்கொள்ளுங்கள், கார்பிளேக்கு அது தேவை.

ஒலிபெருக்கியும் உண்டு. தோட்டத்து லயத்து வீடுகளுக்குள் நுழையும்போது ஒலியைக் குறைத்துவிடுவது நல்லது, விடியற்காலை வேலைக்கு எழுகிறவர்கள் தூங்கும் இடம்.

மழையில் எப்படி?

முன்கண்ணாடியை மின்சாரத்தில் ஏற்றி இறக்கலாம். ஏற்றிவிட்டால் தூறலில் நெஞ்சு நனையாது. பெருமழைக்கு மழைக்கோட்டுதான் வழி. மழைக்கென்று ஒரு ஓட்டும் நிலை இருக்கிறது, கைப்பிடிக்கு என்ஜின் பதில் சொல்வது மென்மையாகும், சக்கரம் வழுக்குவதைக் கட்டுப்படுத்தும் அமைப்பு சீக்கிரமே தலையிடும். மற்ற மூன்று நிலைகள் டூர், ஸ்போர்ட், ஈகோன்.

பிரேக்குகள் இந்த எடைக்கு ஏற்றவை. முன்னே 320 மில்லிமீட்டரில் இரண்டு தட்டு, ஒவ்வொன்றுக்கும் ஆறு பிஸ்டன். பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏபிஎஸ் உண்டு. ஆனாலும் ஈரத்தில் இடைவெளியை இரட்டிப்பாக்குங்கள். மேம்பாலத்தின் அடியில் அவசரப் பாதையில் ஒதுங்கி நிற்கும் பழக்கத்தையும் விடுங்கள், நெடுஞ்சாலையில் உயிர் போகும் இடங்களில் அதுவும் ஒன்று. ஓய்விடம் வரை மெதுவாகப் போய்விடலாம்.

ஏர்பேக் உண்மையில் வேலை செய்யுமா?

எதிரே நேராக மோதும் விபத்துக்காக வைத்தது அது. விற்பனைக்கு வந்த மோட்டார் சைக்கிள்களில் ஏர்பேக் முதலில் வந்ததும் கோல்ட்விங்கில்தான், 2006இல். எல்லா ரகத்திலும் இல்லை. பக்கவாட்டில் அடித்தாலோ வழுக்கி விழுந்தாலோ அது உங்களைக் காக்காது. சட்டை, கையுறை, கணுக்காலை மூடும் சப்பாத்து எல்லாம் வழக்கம்போல் வேண்டும்.

லைசன்ஸ், ரோட் டாக்ஸ்?

உங்களிடம் இருப்பது பி2 என்றால் 250 சிசியோடு நின்றுவிடும். பி1 என்றால் 500 வரை. இதற்கு முழு பி வேண்டும். ஓட்டுநர் பள்ளியில் சேர்ந்து தேர்வு எழுதி மேலேற்றிக்கொள்ள வேண்டும். பி2 வைத்துக்கொண்டு ஓட்டினால் சம்மன் மட்டும் பிரச்சினையில்லை. விபத்து நடந்தால் காப்புறுதி நிறுவனம் கையை விரித்துவிடும்.

ரோட் டாக்ஸ் தீபகற்பத்தில் 800 சிசிக்கு மேல் ஆண்டுக்கு 350 வெள்ளி (ரிங்கிட்). கப்சாய்க்கு 2 வெள்ளி கட்டிப் பழகியவர்களுக்கு இது பெரிதாகத் தெரியும். ஆனால் இந்த வண்டியின் மற்றச் செலவுகளுக்கு முன்னால் ரோட் டாக்ஸ் சின்னது. காப்புறுதியும் டயரும்தான் கடிக்கும்.

நம் ஊர்ப் பட்டறையில் சர்வீஸ் செய்யலாமா?

எண்ணெய் மாற்றுவது, பிரேக் பேட், பேட்டரி போன்றவற்றைப் பொறுமையுள்ள நல்ல ஃபோர்மன், அதாவது பட்டறை மெக்கானிக், செய்வார். டிசிடிக்கென்று தனி எண்ணெய் வடிகட்டி ஒன்று இருக்கிறது, அதை விட்டுவிட வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லுங்கள். மின்னணுக் கோளாறு, சஸ்பென்ஷன், டிசிடி சம்பந்தப்பட்ட எதுவும் பெரிய மோட்டார் பார்க்கும் இடத்துக்குத்தான் போக வேண்டும்.

டயர் தேய்ந்த பிறகு தேடக் கூடாது. முன்னே 130/70, 18 அங்குலம், பின்னே 200/55, 16 அங்குலம். இந்த அளவுகளைச் சின்ன ஊர்க் கடைகளில் அடுக்கி வைத்திருக்க மாட்டார்கள். கோடு தெரியத் தொடங்கும்போதே சொல்லி வைத்துவிடுங்கள். டியூப் இல்லாத டயர் என்பதால் ஆணி குத்தினால் அடைக்கும் கிட்டும் சின்னக் காற்றுப் பம்பும் பெட்டியில் எப்போதும் இருக்கட்டும்.

பழையது வாங்கலாமா?

தாராளமாக. 1988 முதல் 2000 வரை வந்த ஜிஎல்1500 உழைப்பாளி வண்டி. ஆனால் ரப்பர்க் குழாய்களும் கார்புரேட்டரும் வயதாகியிருக்கும். 2001க்குப் பிந்திய ஜிஎல்1800 எரிபொருள் ஊசி முறை, பாகங்களும் கிடைக்கும். அதில் ஒன்றை மட்டும் விசாரியுங்கள். 2001 முதல் 2010 வரையிலும் 2012இலும் வந்த வண்டிகளில் பின் பிரேக் முழுதாக விடாமல் உரசும் குறை கண்டு, ஹோண்டாவே திரும்ப அழைத்துச் சரி செய்தது. அந்த வேலை செய்யப்பட்டதா என்று சேசிஸ் எண்ணை வைத்துக் கேளுங்கள். ஓட்டிப் பார்த்துவிட்டு இறங்கியதும் பின்தட்டு அளவுக்கு மீறிச் சுடுகிறதா என்றும் கவனியுங்கள்.

பிஎம்டபிள்யூ, ஹார்லியோடு ஒப்பிட்டால்?

கே1600 ஜிடிஎல் 1649 சிசி, ஆறு சிலிண்டர் வரிசையாக, 160 குதிரைத்திறன், தொட்டி 26.5 லிட்டர். பெட்டிகளைக் கழற்றலாம். வேகமாக ஓட்டப் பிடித்தவருக்கு அதுதான். ஹார்லி அல்ட்ரா லிமிடெட்டில் 1868 சிசி இரட்டைச் சிலிண்டர், அந்தத் துடிப்புக்காகவே வாங்குகிறவர்கள் வாங்குகிறார்கள். நம் வெயிலில் நெரிசலில் நிற்கும்போது அந்த என்ஜினின் சூடு தொடையில் ஏறும். பிஎம்டபிள்யூவின் ஆர்1250 ஆர்டி 279 கிலோதான், 2021 முதல் முன்வண்டியைப் பார்த்துத் தானே வேகம் குறைக்கும் ராடார் வசதியும் அதில் கிடைத்தது. கோல்ட்விங்கில் அது இல்லை, வேகத்தைப் பிடித்து வைக்கும் சாதாரண குரூஸ் மட்டுமே. இந்த விலைக்கு அது ஒரு குறைதான். மென்மைக்கும் பின்னிருக்கைக்கும் நான் கோல்ட்விங்கைத்தான் எடுப்பேன்.

முதல் பெரிய மோட்டாராக இதையே வாங்கலாமா தம்பிக்கு?

வேண்டாம். 250இலும் 500இலும் சில வருடம் ஓட்டட்டும்.

கேமரன் மலைக்கு எந்த வழி நல்லது?

சிம்பாங் பூலாய் வழி. அகலமான சாலை, வளைவுகள் நீளமானவை, இந்த வண்டிக்கென்றே போட்டது போல இருக்கும். தாப்பாவிலிருந்து ரிங்லெட் போகும் பழைய சாலை அழகானது, ஆனால் குறுகலான கொண்டை வளைவுகளில் எதிரே பஸ் வந்தால் 2.6 மீட்டர் நீள வண்டியை வைத்துக்கொண்டு கை நடுங்கும். இறங்குவதற்கு அந்த வழியை எடுக்கவே வேண்டாம். இருக்கையையும் கைப்பிடியையும் சூடாக்கும் வசதியை நம் நாட்டில் பயன்படுத்தக் கிடைக்கும் ஒரே இடம் இந்த மலைதான், விடியற்காலையில்.

தாய்லாந்துக்கு எடுத்துப் போகலாமா?

போகலாம். நமக்குப் பக்கம் கிரிக், பெங்காலான் ஹுலு வழியாக பெத்தோங். கடப்பிதழ், லைசன்ஸ், வண்டியின் கிரான் (பதிவுப் பத்திரம்), அந்த நாட்டின் கட்டாயக் காப்புறுதி வேண்டும். கடனில் எடுத்த வண்டி என்றால் வங்கியிடமிருந்து அனுமதிக் கடிதம் வாங்குங்கள். கடிதம் கைக்கு வர நாளாகலாம் என்பதால் விடுமுறைக்கு முன்பே எழுதிக் கொடுத்துவிடுங்கள். வண்டி வேறொருவர் பெயரில் இருந்தால் அவருடைய அனுமதிக் கடிதமும் தேவை. எல்லாவற்றிலும் இரண்டு நகல் எடுத்துப் பக்கப்பெட்டியில் பிளாஸ்டிக் உறையில் போட்டு வையுங்கள். எல்லையில் வண்டிக்கென்று தரும் தாளைப் பத்திரமாக வைத்திருங்கள், திரும்பி வரும்போது அதைக் கேட்பார்கள்.